பானட்டுக்கு அந்தப் பக்கம்

நேற்று கொச்சியில், தோப்பும்படியில், மகளுடைய காரை பாலிஷ் போட விட்டிருந்தேன். இப்போதெல்லாம் அதற்குக் கண்ணாடி அறை, ஏசி, உட்கார சோபா. பேப்பரைப் புரட்டிக்கொண்டிருந்தபோது உள்கதவை யாரோ திறந்தார்கள். சூடேறிய பெயிண்டும், தேய்க்கிற காம்பவுண்டுப் பசையும் கலந்த அந்த வாசனை வெளியே வந்தது. லேசான மண்ணெண்ணெய் நெடி, அதற்கு அடியில் ஏதோ கருகத் தொடங்குவது போன்ற மணம். கதவு மூடிக்கொண்டது. அதற்குப் பிறகு ஒரு வரிகூட என்னால் படிக்க முடியவில்லை.

நீ போய் முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. உனக்கு ஒரு கடிதம் எழுதலாம் என்று இதுவரை தோன்றியதில்லை. தோன்றியிருந்தாலும் தமிழில் எழுதியிருக்க மாட்டேன். உனக்குத் தமிழ் படிக்க வராது. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம் என்று வளர்ந்தவன் நீ. எனக்கு மட்டும் அப்பா வீட்டில் பிடித்து உட்கார வைத்து எழுதப் பழக்கினார். இப்போது யார் படிக்கப்போகிறார்கள் என்ற கவலை இல்லை. அதனால் நமக்குள் பேசிய பாஷையிலேயே எழுதுகிறேன்.

சுள்ளிக்கல்லில் நம் ஷெட்டுக்கு ஒரு பெயர்கூடக் கிடையாது. ஓலைக்கூரை, பின்னால் ஒரு கிணறு, ஒரு கார் நிற்கிற அளவுக்கு இடம். அம்பாசடரோ ஃபியட்டோ வந்து நின்றால் இடது பக்கம் எனக்கு, வலது பக்கம் உனக்கு. அப்படி யார் பிரித்தது என்று ஞாபகமில்லை. உப்புக் காற்றில் வெளுத்து, தொட்டால் கையில் சுண்ணாம்பு போல ஒட்டும் பெயிண்டை, பஞ்சில் காம்பவுண்டை எடுத்து வட்டம் வட்டமாகத் தேய்ப்போம். ஒரு காருக்கு ஒரு முழு நாள் போகும். சில நாள் மறுநாளும் இழுக்கும். நாம் அதை நீளமான வேலை என்று நினைத்ததே இல்லை. ஏனென்றால் காலையில் ஆரம்பித்த பேச்சு அதற்குள் முடிந்திருக்காது.

என்னதான் பேசினோம்? உன் தங்கைக்குப் பார்த்த மாப்பிள்ளை, என் அம்மாவின் மூட்டுவலி, ஃபோர்ட் கொச்சி டாக்டர் ஏன் காருக்குள் சுருட்டு குடிக்கிறார், இன்றைக்கு அயிலை வந்ததா மத்தி மட்டும்தானா. நான் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டால் பானட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து உன் குரல் வரும்.

"எடா, அங்க உறங்கிட்டியா?"

"இல்லடா."

"பின்ன எந்தா ஒரு சத்தத்தையும் காணோம்?"

அப்போது எனக்கு அது சாதாரணமாக இருந்தது. ஒருவன் நாள் முழுக்க நம்மைத் தேடிக்கொண்டிருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியவில்லை.

உன் வலது தோள் முதலில் குளிர்காலத்தில் மட்டும் வலித்தது. பிறகு எல்லா நாளும். ஒருநாள் சட்டை போட முடியாமல், ஒரு கையை மட்டும் நுழைத்துக்கொண்டு, மற்ற பக்கம் தொங்க வந்து நின்றாய். டாக்டரிடம் கூட்டிப்போனேன், தேய்க்கிற வேலையை விடச் சொன்னார். வெளியே வந்து சாயாக்கடையில் உட்கார்ந்தோம். நீ கிளாஸை இடது கையால் எடுத்தாய். "இது போனா எனக்கு வேற என்ன தெரியும், சொல்லு" என்றாய். உன் இரண்டாவது மகள் அப்போது கைக்குழந்தை.

பாலிஷ் மெஷின் என்ற ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டது அந்தச் சமயத்தில்தான். துறையில் படகு பிடித்து எறணாகுளம் போய் ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பின் வாசலில் நின்று பார்த்தோம். கையில் பிடிக்கும் மோட்டார், அதன் முனையில் ஆட்டு ரோமம் பொதிந்த வட்டம், அது சுழன்றபடி கதவு மேல் போய்க்கொண்டிருந்தது. ஓட்டுகிறவர் முழங்கைகளை இடுப்போடு சேர்த்து வைத்திருந்தார். தோளுக்கு வேலையே இல்லை. நீ என்னைப் பார்த்தாய். நான் உன் தோளைப் பார்த்தேன். திரும்பி வரும்போது படகில் நான்தான் சொன்னேன், எப்படியாவது ஒன்று வரவழைத்துவிடலாம் என்று. நீ என் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு யோசனை இல்லை.

உன் மச்சினன் வளைகுடாவிலிருந்து லீவில் வந்தபோது கொண்டுவந்தான். இரும்பு உடம்பு, நல்ல கனம். பழைய இரும்பு வாங்கும் ஆக்ரி கடையிலிருந்து ஒரு பழைய கார் கதவை எடுத்து வந்து பழகினோம். காம்பவுண்டை அள்ளி வைத்து நீ ஸ்விட்சைப் போட்டதும் அவ்வளவும் தெறித்தது. சுவர், கூரை, நம் இரண்டு பேர் முகம் எல்லாம் வெள்ளைப் புள்ளி. மெஷினை நிறுத்திவிட்டு நீ சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாய். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் கேட்கிறது. மெஷின் ஓடாதபோது சிரித்தது அது.

பிறகு கொச்சங்காடியில் மிளகுக் கிடங்கு வைத்திருந்த சேட்டின் கறுப்பு அம்பாசடர் வந்தது. மகள் கல்யாணம், மணமக்கள் அந்தக் காரில்தான் போகவேண்டும். நீ பானட்டை முக்கால்வாசி முடித்திருந்தாய். முன்பக்க விளிம்பில் மெஷின் ஒரு நொடி கூடுதலாக நின்றது. அவ்வளவுதான். கறுப்பு உரிந்து, அடியிலிருந்த சாம்பல் நிற பிரைமர் ஒரு கோடாகத் தெரிந்தது. நீ ஸ்விட்சை நிறுத்தினாய்.

"எடா, கத்திச்சுடா" என்றாய். கருக்கிவிட்டேன் என்று சொல்லக்கூட அந்த நேரத்தில் உனக்குத் தமிழ் வரவில்லை, மலையாளம்தான் வந்தது.

நான் ஓடிப்போய் அடுத்த சந்திலிருந்த பெயிண்டரை அழைத்து வந்தேன். அவர் அந்த இடத்தை மட்டும் அடித்துக் கொடுத்தார். காய்ந்தபின் தேய்த்துப் பார்த்தோம். தெரிந்தவர்களுக்குத் தெரியும். சேட்டு வந்ததும் நீ அவரை நேராக அந்த விளிம்புக்குக் கூட்டிப்போய்க் காட்டி, உன் கையால் ஆனது என்று சொன்னாய். அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இங்கேதானே மாலை கட்டுவார்கள். பூவைத் தூக்கிப் பார்த்துவிட்டா பெண்ணை அழைத்துப்போவார்கள்?" என்று மலையாளத்தில் சொல்லிவிட்டு ஏறிப் போனார். அவர் போனதும் நீ கிணற்றடியில் போய் முகம் கழுவினாய். ரொம்ப நேரம் கழுவினாய்.

அதற்குப் பிறகு நீ விளிம்பில் தவறவே இல்லை. பெயிண்ட் சூடேறுகிறதா என்று புறங்கையை வைத்துப் பார்த்துக்கொண்டே போவாய். உன் தோள் மெல்லத் தேறியது. மறுபடி இரண்டு கையும் நுழைத்துச் சட்டை போட்டு வந்தாய். நான் நினைத்தது நடந்துவிட்டது.

ஆனால் மெஷின் ஓடும்போது பேச முடியாது. நீ என்னமோ கத்துவாய், நான் கேட்டது போலத் தலையாட்டுவேன். வலது பக்கம், இடது பக்கம் என்ற பிரிவும் போயிற்று. ஒரே ஆள் சுற்றிவந்து முடிக்கிற வேலையாகிவிட்டது அது. கழுவுவது, கண்ணாடி ஓர ரப்பருக்கு டேப் ஒட்டுவது, கடைசியில் துடைப்பது, இவ்வளவுதான் எனக்கு மிச்சம். மத்தியானத்துக்குள் கார் வெளியே போய்விடும். சாயா குடிக்கும்போது பேசலாம் என்று இருப்பேன். அதற்குள் அடுத்த கார் வந்து நிற்கும். ஒரே ஷெட்டில், கை நீட்டினால் தொடும் தூரத்தில், உன்னைக் காணாமல் இருந்தது அப்போதே தொடங்கிவிட்டது.

ஷார்ஜாவில் ஒரு கார் ஷோரூமுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று ஏஜென்ட் வந்தான். அவன் கேட்ட ஒரே கேள்வி, மெஷின் ஓட்டத் தெரியுமா என்பதுதான். சாயங்காலம் நீ வந்து ஷெட் வாசலில் உட்கார்ந்தாய்.

"போகட்டாடா?"

"போ."

"நீயும் வா. சொல்லி வாங்கித் தரேன்."

"அம்மா படுக்கையில இருக்கா. எப்படிடா வர்றது?"

நீ தலையாட்டினாய். இரண்டு பெண் குழந்தைகளும் வாடகை வீடும் உள்ளவனை இருக்கச் சொல்ல எனக்கு என்ன உரிமை? உன்னைப் பக்கத்தில் நிறுத்திக்கொள்ள நான் வரவழைத்த மெஷின்தான் உன்னைக் கூட்டிக்கொண்டு போயிற்று. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் கேட்பவர்கள் சிரிப்பார்கள்.

நீ கடிதம் போட்டாய். எல்லாம் மலையாளத்தில். "ஸ்நேகம் நிறைந்த கூட்டுகாரனுக்கு, இங்கே எல்லோரும் சுகம், அங்கேயும் அப்படியே என்று நம்புகிறேன்" என்று பள்ளிக்கூடத்துப் பையன் கட்டுரை எழுதியதுபோல இருக்கும். உறங்கிட்டியா என்று கேட்டவன் அந்தக் காகிதத்தில் எங்கேயும் இல்லை. நானும் மலையாளத்திலேயே பதில் எழுதினேன். நானும் அதில் இருந்திருக்க மாட்டேன்.

நீ ஒரே ஒரு முறை லீவில் வந்தாய். மாருதி கார்கள் ஊரில் ஓடத் தொடங்கிய சமயம். அன்று ஷெட்டில் ஒரு வெள்ளை மாருதி நின்றிருந்தது, நீ விட்டுப்போன மெஷினால் நான் பாதி முடித்திருந்தேன். புதுச் சட்டையும் சென்ட் வாசனையுமாக நீ வந்து, கொஞ்ச நேரம் நின்று பார்த்தாய். பிறகு நேராகப் போய் ஸ்விட்சை நிறுத்தினாய். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் பஞ்சைத் தேடி எடுத்தாய். வலது கையைச் சிரமப்படுத்தாமல் இடது கையால் தேய்த்தாய். நான் என் பக்கம் போனேன்.

"அங்க எப்படிடா இருக்கு?" என்று கேட்டேன்.

"ஏசி ரூம். ஆளுக்கொரு கார், ஆளுக்கொரு மெஷின். காதுல பஞ்சு வச்சுக்கணும். ஹிந்திக்காரன் இருக்கான், மலையாளி இருக்கான். நம்ம பாஷைக்கு ஒருத்தனும் இல்ல." கொஞ்ச நேரம் தேய்த்தாய். பிறகு தலை நிமிராமலே சொன்னாய். "மெஷின் ஓடும்போ நான் உன்கிட்ட பேசிக்கிட்டே இருப்பேன்டா. வாய்விட்டுத்தான். யாருக்கும் கேக்காதுல்ல."

நானும் அப்படித்தான் என்று சொல்ல வாய் வரை வந்தது. அதற்குள் காரின் சொந்தக்காரர் வந்துவிட்டார்.

அடுத்த மழைக்காலத்தில் உன் மச்சினன் வந்து சொன்னான். மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தவன் எழுந்திருக்கவில்லையாம். அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். உன் வீட்டுக்குப் போய் வாசலில் நின்றேன். பார்ப்பதற்கு ஒரு முகம்கூட இல்லாத சாவு அது. அன்று நான் எங்கே உட்கார்ந்து அழுவது என்று தெரியாமல் ஷெட்டுக்கு வந்து, காரே இல்லாத இடத்தில், மெஷினைப் போட்டுக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தச் சத்தத்தில் உன்னிடம் என்ன சொன்னேன் என்று உனக்குத் தெரியும்.

அந்த ஷெட் இப்போது இல்லை. அந்தப் பழக்கம் மட்டும் போகவில்லை. வீட்டில் மிக்ஸி ஓடும்போதும், ஆட்டோ பாலத்தில் ஏறி இரையும்போதும் உன்னிடம் இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். போன வாரம் மகள் சட்னி அரைத்துக்கொண்டிருந்தாள். உன் மூத்தவளுக்குப் பேரன் பிறந்திருக்கிறான், நல்ல எடை, ராத்திரி முழுக்க உறங்க விடமாட்டேன் என்கிறானாம் என்று சொன்னேன். மிக்ஸி நின்றது. நான் உன் குரல் வருமா என்று காதைக் கொடுத்துக்கொண்டு அங்கேயே நின்றேன்.