நட்சத்திரக் குறிக்குக் கீழே இருந்த வரி

ஜூலை 7, திங்கள்

விடியலிலிருந்து மழை. மான்குர்த் ஸ்டேஷன் தாண்டி வண்டி நின்றுவிட்டது. லேடீஸ் டப்பாவில் ஈரக் குடை, ஈரத் தலை, யாருடைய டிபனிலிருந்தோ மீன் வாடை. "வாஷி வர்றதுக்குள்ள நான் ரிடையர் ஆயிடுவேன்" என்று பக்கத்தில் ஒருத்தி போனில். எனக்கும் அதே கவலை.

ஆபீஸில் கேக். எதற்கு? "ஜீரோ டச்" தொடங்கி ஒரு மாதம் ஆயிற்றாம். அதாவது புத்தகங்களின் எக்ஸ்எம்எல் ஃபைல்களை இனி மனுஷக் கை தொடாது. ராத்திரி தானாக ஓடும், தானாகச் சரிபார்க்கும், தானாகத் திருத்தும். காலையில் சுவர் போர்டில் எல்லாம் பச்சை, அதாவது பிழை இல்லை. மேனேஜர் வெங்கட், முலுண்ட்காரர் (முழுப்பேர் எழுதக் கை வரவில்லை, இனி வெ.), கத்தியைப் பிடித்தபடி பேசினார். "இனிமே எர்ரர்ங்கற வார்த்தையே இந்த ஃப்ளோர்ல கிடையாது." கைதட்டல். நானும் தட்டினேன். கேக் சுமார்.

இத்தனை வருஷம் புரூஃப் பார்த்த எனக்கு இப்போது "சாம்பிளிங்" வேலை. எங்காவது ஒரு ஃபைலைத் திறந்து, பார்த்து, மூடுவது. கோயில் வாசலில் செருப்புக்குக் காவல் இருப்பவருக்குக்கூட இதைவிடப் பொறுப்பு அதிகம்.

இன்று திறந்தது நர்ஸ்களுக்கான கைப்புத்தகம். குழந்தைகளுக்கு மருந்து எவ்வளவு என்று ஓர் அட்டவணை. தலைப்புக் கட்டத்தில் ஒரு மருந்தின் பெயர், பக்கத்தில் நட்சத்திரக் குறி. நட்சத்திரம் இருந்தால் கீழே அடிக்குறிப்பு இருக்க வேண்டும். இல்லை. ஆசிரியர் அனுப்பிய மூலத்தை எடுத்துப் பார்த்தேன். அதில் இருக்கிறது: "மூன்று மாதம் நிரம்பாத குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது."

எங்கள் ஃபைலில் அந்த வரி இல்லை. ஃபைல் பச்சை.

வாங்க வேண்டியது: பெருங்காயம், தேங்காய், வீட்டு வேலைக்கு வரும் பாயிக்கு ரெயின்கோட்.

ஜூலை 8, செவ்வாய்

மழை விட்டு விட்டு. தூக்கம் சரியில்லை.

வந்ததும் இசக்கியைப் பிடித்தேன். தாராவிப் பையன், நல்ல மூளை. ராத்திரி ஓடும் புரோகிராம் அவன் எழுதியது. அட்டவணையைக் காட்டி, இந்த வரி எங்கே என்றேன். புரோகிராமைத் திறந்து மேலிருந்து கீழே ஓட்டிப் பார்த்தான்.

"அக்கா, க்ளையண்ட் பப்ளிஷர் கொடுத்த ரூல்ல, அட்டவணைத் தலைப்புக்குள்ள அடிக்குறிப்பு வரப்பிடாதுன்னு இருக்கு. வந்தா செவப்பு. செவப்பு ஒண்ணுகூட நிக்கப்பிடாதுன்னு வெங்கட் சார் சொன்னாவ. அதான், ரூல்ல எது முட்டுதோ அத தூக்கிரும்."

"தூக்கி எங்கே வைக்கும்?"

"எங்கயும் வைக்காது. தூக்கிரும், அவ்வளவுதான்."

எனக்கு வந்த கோபத்தில் காதெல்லாம் சூடு. முன்பு சிவப்பு வந்தால் அது எங்கள் மேஜைக்கு வரும். அந்த வரியை அட்டவணைக்கு அடியில் இறக்கி வைப்போம். பச்சை ஆகிவிடும். ஒரு வாய் டீ குடிக்கும் நேர வேலை. அந்த வேலையை மிச்சம் பிடிக்கத்தான் கேக் வெட்டினார்கள்.

இசக்கியைத் திட்டினேன். "நான் என்னத்தச் செய்ய அக்கா? இப்படிப் போகும்னு நெனைக்கல" என்றான். முகம் செத்துவிட்டது. அதற்குமேல் திட்ட மனசு வரவில்லை. இரண்டு பேருமாக அதே புத்தகத்தில் மற்ற அத்தியாயங்களைத் திறந்து பார்த்தோம். கிட்னி சரியில்லாத குழந்தைக்குப் பாதி அளவு என்ற வரி, காணோம். ஆஸ்துமா இருந்தால் தவிர்க்கவும், காணோம். எல்லா இடத்திலும் நட்சத்திரம் மட்டும், மினுக்கிக்கொண்டு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் புத்தகம் அச்சுக்குப் போகிறது.

சாப்பிடும்போது இவர் கேட்டார், அந்த எக்ஸ்எம்எல் என்பது என்னதான் என்று. கல்யாணம் ஆன நாளாகக் கேட்கிறார். மறுபடி சொன்னேன். ஒவ்வொரு வரிக்கும் இது தலைப்பு, இது அட்டவணை, இது அடிக்குறிப்பு என்று சீட்டு ஒட்டுவது. எந்தச் சீட்டு எங்கே வரலாம் என்று ஒரு ரூல். அதைச் சரிபார்க்கும் வேலிடேட்டர், நம் அபார்ட்மென்ட் சொசைட்டி வாட்ச்மேன் மாதிரி. லிஸ்டில் பேர் இல்லாதவரை வாசலில் நிறுத்துவான். அது அவன் வேலை. நிறுத்தின ஆளை வாசலிலேயே காணாமல் அடித்துவிட்டு, "கேட்ல யாரும் இல்ல, எல்லாம் சுத்தம்" என்று சொன்னால்?

"வாட்ச்மேனை மாத்தணும்" என்றார், மோர் விட்டுக்கொண்டே. அவருக்கு எல்லாமே அவ்வளவு சுலபம்.

ஜூலை 9, புதன்

குடைக்கம்பி ஒன்று உடைந்தது.

வெ. கேபின். பிரிண்ட் எடுத்துக்கொண்டு போனேன், மூலம் ஒரு பக்கம், நம் ஃபைல் ஒரு பக்கம். பார்த்தார் என்று சொல்ல முடியாது, கண்ணை வைத்தார்.

"க்ளையண்ட் கம்ப்ளெயிண்ட் பண்ணலையே மேடம்."

"இல்லாத வரியை அவா எப்படிக் கம்ப்ளெயிண்ட் பண்ணுவா?"

"வேலிடேட்டர் பாஸ் பண்ணியாச்சு. நீங்க ஃபெயில்ங்கறேள். நான் யாரை நம்பறது?"

"கண்ணை நம்புங்கோ. ரெண்டு பக்கமும் உங்க முன்னாடிதானே இருக்கு."

சிரித்தார். அந்தச் சிரிப்பு இருக்கிறதே. குழந்தைக்கு மிட்டாய் கொடுக்கும் சிரிப்பு. "ஏன் இவ்ளோ டென்ஷன் ஆறேள்? நர்ஸுக்குத் தெரியாதா? அடுத்த எடிஷன்ல பார்த்துக்கலாம். இப்போ ராத்திரி ரன்னை நிறுத்தினா எல்லாப் புக்கும் லேட்டாகும். க்ளையண்டுக்கு நேரா மெயில் கியில் போட்டுடாதீங்கோ, அது என் வழியாத்தான் போகணும்."

நர்ஸுக்குத் தெரியுமானால் புத்தகம் எதற்கு? தெரியாதபோது திறந்து பார்க்கத்தானே அச்சடிக்கிறோம்? இதெல்லாம் லிஃப்டில் இறங்கும்போதுதான் தோன்றியது. கேபினில் பிரிண்டைச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். அதற்கு என் மேலேயே தனிக் கோபம்.

வண்டியில் இடம் கிடைத்தது. உட்கார்ந்தும் கோபம் உட்காரவில்லை. இவர் "விட்டுடேன், உன் பேரா வரப்போறது அந்தப் புக்ல?" என்றார். என் பேர் வராது. அந்த வரியும் வராது. பேச்சை நிறுத்திவிட்டு ரசத்துக்கு மறுபடி உப்புப் போட்டேன். யாரும் சாப்பிடவில்லை.

ஜூலை 10, வியாழன்

மழை இல்லை. புழுக்கம்.

குளிக்கும்போது ஒரு யோசனை. வெ.வுக்கு மனுஷாள் வார்த்தை காதில் ஏறாது, வேலிடேட்டர் வார்த்தைதான் ஏறும். சரி, அதன் வாயாலேயே சொல்ல வைப்போம். ரூல் சேர்க்கும் உரிமை இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. பிடுங்க மறந்துவிட்டார்கள்.

இசக்கியும் நானும் உட்கார்ந்து ஒரு ரூல் எழுதினோம். நட்சத்திரம் இருந்தால் அதற்குரிய அடிக்குறிப்பு அதே ஃபைலில் இருக்க வேண்டும். இல்லையா, சிவப்பு. மத்தியானம் எல்லாப் புத்தகத்துக்கும் சேர்த்துச் சரிபார்ப்பை மட்டும் ஓட்டினான்.

போர்டு சிவப்பு. நர்ஸ் புத்தகம் மட்டுமில்லை, மேலிருந்து கீழ்வரை. ஃப்ளோரில் எல்லோரும் எழுந்து வந்து பார்த்தார்கள். யாரோ ஒருத்தன் "அரே பாப் ரே" என்று தலையில் கை வைத்தான்.

வெ. கேபினிலிருந்து வந்த வேகத்தில் ஐடி கார்டு தோளுக்குப் பின்னால் போய்விட்டது.

"அந்த ரூலை உடனே எடுங்கோ."

"எடுக்கறேன். எடுக்கச் சொல்லி ஒரு மெயில் போட்டுடுங்கோ. காரணத்தோட."

என்னைப் பார்த்தார், போர்டைப் பார்த்தார். மெயில் போடவில்லை. போடமாட்டார் என்று தெரியும். எழுத்தில் ஒரு வரி கொடுக்கச் சொன்னால் இந்த ஆளுக்கு ஜுரம் வந்துவிடும். "சரி இருக்கட்டும், காலம்பற பார்ப்போம்" என்று உள்ளே போய்விட்டார்.

ஜெயித்துவிட்டேன். காலையில் சீக்கிரம் வந்து, இசக்கியும் நானும் சிவப்பு ஃபைல்களில் அந்த வரிகளைக் கையால் இறக்கி வைப்பதாக ஏற்பாடு. நர்ஸ் புத்தகம் முதலில்.

செம்பூர் ஸ்டேஷன் வெளியே சூடாக நேந்திரங்காய் சிப்ஸ். இவருக்கு ஒரு பாக்கெட், எனக்கு ஒன்று. இவர், "என்ன, புரொமோஷனா?" என்றார். அதைவிட மேல் என்றேன்.

ஜூலை 11, வெள்ளி

கொட்டுகிறது. முதல் வண்டிக்கே கிளம்பிவிட்டேன்.

போர்டு பச்சை. மேலிருந்து கீழ்வரை.

இசக்கி எனக்கு முன்னால் வந்து எல்லாவற்றையும் சரி செய்துவிட்டான் என்று நினைத்து, அவனுக்காக வடாபாவ் வாங்கி வைத்தேன். அவன் எனக்குப் பின்னால்தான் வந்தான், தலை நனைந்து. "நான் இப்பந்தான் வாரேன் அக்கா" என்றான்.

திறந்தேன். அதே அட்டவணை, அதே மருந்து. அடிக்குறிப்பு இல்லை.

நட்சத்திரமும் இல்லை.

ராத்திரி ரன்னை நிறுத்த இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. அது தன் வேலையைச் செய்துவிட்டது. ரூலில் எது முட்டுகிறதோ அதைத் தூக்கிரும். நேற்று முட்டியது நட்சத்திரம். இப்போது அட்டவணை துப்புரவாக இருக்கிறது. நேற்றுவரை யாராவது கீழே தேடவாவது தேடியிருப்பார்கள். இனி தேடக்கூட ஒன்றுமில்லை. செய்தது என் ரூல். இசக்கி நெற்றியில் அடித்துக்கொண்டான். வடாபாவ் ஆறிப்போயிற்று.

வெ. வந்தார், போர்டைப் பார்த்தார். "பார்த்தேளா மேடம், சிஸ்டம் தானே சரி பண்ணிண்டுடுத்து" என்றார். சந்தோஷமாக.

அவ்வளவுதான். சீட்டில் உட்கார்ந்து க்ளையண்டுக்கு நேரே மெயில். மூலத்தின் பக்கங்கள், நம் பக்கங்கள், காணாமல் போன வரிகள், நர்ஸ் புத்தகத்துக்கு முழுசாக, மற்றப் புத்தகங்களில் தேடிக்கொண்டிருக்கிறோம் என்று. வெ.வுக்கு ஒரு காப்பி. இசக்கி "என் பேரயும் போடுங்க அக்கா" என்றான். போட்டேன். அனுப்புமுன் பயமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். வீட்டு லோன் இன்னும் இருக்கிறது.

மத்தியானம்வரை மற்றப் புத்தகங்களில் தேடினோம். கடல் தாண்டி க்ளையண்ட் ஊரில் விடிந்ததும் பதில் வந்தது. அச்சை நிறுத்திவிட்டார்களாம். மூலத்தை மறுபடி முழுக்கப் பார்க்க வேண்டுமாம். நன்றி என்று ஒரு வார்த்தை, எங்கள் இரண்டு பேர் பெயரும் போட்டு.

நாலு மணிக்கு வெ.விடமிருந்து ஒரு மெயில். ஆச்சரியம், எழுத்தில். ஆபீஸ் முறையை மீறி க்ளையண்டுக்கு ஏன் எழுதினேன் என்று இன்றே விளக்கம் தர வேண்டும், அது என் பர்சனல் ஃபைலில் வைக்கப்படும்.

கொடுத்தேன். ஒரே வரி. "மூன்று மாதம் நிரம்பாத குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது." பக்க எண்ணும் போட்டிருக்கிறேன்.