தண்ணீர் குடிக்கும் இடம்

மார்ச் 3, ஞாயிறு

இன்றைக்கும் வந்துவிட்டார்கள். சாயங்காலம் நாலரை மணி. பதினைந்து இருபது பேர், தோளில் பை, தலையில் தொப்பி. நேராக நம் வாசலில் வந்து நின்று தண்ணீர் குடிக்கிறார்கள். இது ஐந்தாவது வாரம். இவ்வளவு நீளத் தெருவில் இங்கே வந்தால்தான் தொண்டை வறளுமா? கூட்டிக்கொண்டு வருகிற ஒல்லிப் பெண் மட்டும் குடிப்பதில்லை. கையைக் கட்டிக்கொண்டு நம் மாடியைப் பார்த்தபடி நிற்கிறாள்.

வாத்தியார் ஜன்னல் திரையை இழுத்துவிட்டார். "விளக்குக் கம்பத்துல நோட்டீஸ் ஒட்டியிருக்கே, பாத்தியா?"

பார்த்தேன். இந்தப் பேட்டையில் வாழ்ந்த தன்பாலீர்ப்பாளர்கள், திருநங்கைகள், திருநம்பிகள் வரலாறாம். ஞாயிறுதோறும் நடந்தே பார்க்கலாமாம்.

"நம்மளப் பத்தி யாருக்கோ தெரிஞ்சு போச்சு," என்றார். முகத்தில் ஈயாடவில்லை.

அவர் பயம் எனக்குத் தெரியாததா? முன்னறையில் எட்டுப் பிள்ளைகள் கணக்கு ட்யூஷன் படிக்கிறார்கள். ஒரு அம்மா முகம் சுளித்தால் எட்டும் போகும். ஓய்வு பெற்ற பிறகு அந்த மனுஷனைக் காலையில் எழுப்பி உட்கார வைப்பதே அந்த வாண்டுகள்தான்.

மார்ச் 5

பழசு மனசைக் கிளறுகிறது. போன வருஷம் எனக்கு நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது நர்ஸ் இவரிடம் கேட்டாள், "நீங்க இவருக்கு என்ன வேணும்?" இவர் சொன்ன பதில்: "தெரிஞ்சவர்."

நான் மயக்கத்தில் இருப்பதாக நினைத்துவிட்டார். கண்ணைத்தான் மூடியிருந்தேன், காது திறந்துதானே இருந்தது? ஒரே சட்டியில் சாப்பிட்டு இருபத்தொன்பது வருஷம். தெரிஞ்சவர்!

சாவதற்குள் ஒரு தடவை, யாரோ ஒரு ஆளிடம், இவர் உள்ளதைச் சொல்ல நான் கேட்க வேண்டும். வேறு ஆசை எதுவும் இல்லை.

மார்ச் 10, ஞாயிறு

இவரிடம் சொல்லாமல் போனேன். செருப்பு வாங்கப் போவதாகப் புளுகினேன். நடை கிளம்பும் பஸ் நிலையத்தில் கூட்டத்தோடு கூட்டமாக நின்றுகொண்டேன். என்ன சொல்லித் தொலைக்கிறார்கள் என்று பார்த்துவிடலாம், தேவைப்பட்டால் சண்டை போடலாம் என்றுதான் போனேன்.

சண்டையா! வாயைத் திறக்கவே முடியவில்லை.

முப்பது வருஷம் கண்டக்டராக இந்த நிறுத்தங்களின் பேரைத் தொண்டை கிழியக் கத்தியவன் நான். இறங்கி நடந்து பார்த்ததில்லையே.

முதலில் அந்த மூலை சலூன். செவ்வாய்க்கிழமை லீவு நாளில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, கண்ணாடியைப் பார்த்திருக்கும் நாற்காலிகளை ஒன்றையொன்று பார்க்கிற மாதிரி திருப்பிப் போடுவாராம் அந்தக் கடைக்காரர். வேறெங்கும் உட்கார்ந்து பேச இடமில்லாத ஆண்கள் வந்து பேசிவிட்டுப் போவார்களாம். பதினெட்டு வருஷம் அப்படி நடந்திருக்கிறது. நான் அதே கடையில்தான் முடி வெட்டினேன் — ஞாயிற்றுக்கிழமைகளில்! இரண்டு நாள் தள்ளிப் போயிருந்தால்?

அடுத்தது பச்சைக் கதவு வீடு. இந்தப் பேட்டையில் முதன்முதலாக வாடகைக்கு வீடு பிடித்த திருநங்கை அங்கேதான் இருந்தாராம். வீடு கிடைக்காத மற்றவர்களுக்கெல்லாம் தன் விலாசத்தைக் கொடுத்தாராம். ஒரே கதவு எண்ணுக்குப் பதினாலு பேருக்குக் கடிதம் வரும். அத்தனையையும் பிரித்து, அவரவர் இருக்கும் இடம் தேடி நடந்தே கொண்டுபோய்க் கொடுப்பாராம். என்ன மனசு அது! என்ன காலு!

பிறகு நம் எதிர் வரிசையில் டைப் அக்காவின் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட். போன வருஷம் காலமானாரே, அவரேதான். கூட இருந்த கண்ணாடி போட்ட அக்காவைத் தங்கை என்றுதான் நான் நினைத்திருந்தேன். தங்கையா? நான் ஒரு மண்டு. காதலிக்கிற பெண்கள் பலர் அங்கே வந்துதான் சந்திப்பார்களாம். இருபது மெஷின் தடதடக்கும்போது யார் பேசுவது யார் காதில் விழும்? சாவதற்கு முன்னால் அக்காவே எல்லாவற்றையும் உட்கார்ந்து சொல்லி, "என் பேரோட சொல்லு" என்று இந்தப் பெண்ணிடம் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தாராம்.

நாங்கள் மட்டும்தான் என்று நினைத்து, மாடியில் துணி காய இரண்டு கொடி தனித்தனியாகக் கட்டியிருக்கிறோமே... சுற்றிலும் இவ்வளவு பேர் இருந்தார்களா?

அடுத்து நம் வாசல். அந்தப் பெண், "எல்லாரும் தண்ணி குடிச்சுக்குங்க," என்றாள். அவ்வளவுதான். ஒரு வார்த்தை இல்லை.

எல்லாரும் கலைந்த பிறகு மெல்லக் கேட்டேன். "ஏம்மா, அந்த வீட்டுக்கிட்ட மட்டும் எதுக்கு நிறுத்தம்?"

"அங்க ஒரு கதை இருக்கு சார். ஆனா அது என்னோடது இல்ல. உயிரோட இருக்கறவங்க கதைய, அவங்க சொல்லுன்னு சொல்லாம நாங்க சொல்ல மாட்டோம்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"டைப் அக்கா பேரெல்லாம் சொல்லல. அந்த வீட்டுக்கு முன்னாடி மட்டும் கொஞ்சம் மரியாதையா நில்லுன்னாங்க."

டைப் அக்காவோடு நான் பேசியதெல்லாம் பஸ்ஸில் "படியில நிக்காதீங்க, உள்ள போங்க" மட்டும்தான். அந்தம்மா இத்தனை வருஷம் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்து, ஒருத்தரிடமும் மூச்சு விடாமல், மரியாதையும் செய்யச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். வீட்டுக்கு வந்து குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

மார்ச் 11

செருப்பு எங்கே என்று கேட்டார். மாட்டிக்கொண்டேன். சலூன் நாற்காலிக் கதை வரைக்கும் உளறினேன், போதும் என்று எழுந்து போய்விட்டார்.

மார்ச் 13

பெரிய சண்டை. வாத்தியார் சத்தம் போடுகிற ஆளே இல்லை. போட்டார். "உனக்கென்ன, பென்ஷன வாங்கிட்டு உக்காந்திருப்ப! நாளைக்கு அந்தப் பசங்க வரலன்னா நான் என்ன செய்வேன்?"

எனக்கும் பொத்துக்கொண்டு வந்தது. "யோவ், ஆஸ்பத்திரில நான் உனக்குத் தெரிஞ்சவரா? சொல்லுய்யா! தெரிஞ்சவரா நானு?"

அப்படியே நின்றுவிட்டார். "அன்னிக்கு... கேட்டுச்சா உனக்கு?"

கேட்டுது. கேட்டுதே. ஏன் சொல்லித் தொலைத்தேன் என்று இப்போது இருக்கிறது. சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

மார்ச் 15

இரண்டு நாளாகப் பேச்சில்லை. இன்று இட்டது உப்பா புளியா என்றுகூடச் சொல்லாமல் சாப்பிட்டு எழுந்தவர், கை கழுவிக்கொண்டே கேட்டார். "நாற்காலியெல்லாம் திருப்பிப் போடுவாராமா அவரு?"

எல்லாவற்றையும் சொன்னேன். பதினாலு பேர் கடிதத்தை, டைப் அக்காவை, தண்ணீர் குடிக்கச் சொன்னதை. ஜன்னல் திரையை விலக்கினார். எதிரே டைப் அக்காவின் இன்ஸ்டிட்யூட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

மார்ச் 17, ஞாயிறு

மூன்று மணிக்குச் சட்டையை மாட்டினார். "நீ வராத," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நாலரைக்கு ஜன்னலில் நின்றேன். கூட்டம் வந்தது. நடுவில் இவர், கசங்கிய கைக்குட்டையோடு. பெண் வழக்கம்போல, "தண்ணி குடிச்சுக்குங்க," என்றாள். இவர் வகுப்புப் பையன் மாதிரி கையைத் தூக்கினார்.

"இந்த வீட்ட நான் சொல்லலாமா?"

அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இந்த மாடியில நானும் இன்னொருத்தரும் இருபத்தெட்டு வருஷமா குடும்பம் நடத்துறோம்." ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக வந்தது.

என்னால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடிந்ததா? "இருபத்தொம்போது!" என்று கத்திவிட்டேன். கண்டக்டர் தொண்டை. அத்தனை தலையும் மேலே திரும்பியது. சிரிப்பு.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "அவரு குடிவந்த நாள்லேர்ந்து எண்ணுறாரு. நான், சொன்ன நாள்லேர்ந்து எண்ணுறேன். முதல் ஒரு வருஷம் மனசுலயே வெச்சுக்கிட்டுச் சொல்லாம இருந்தேன். அத நான் கணக்குல சேக்கறதில்ல."

அந்த ஒரு வருஷம் நான் மட்டும்தான் தவித்தேன் என்று இத்தனை காலம் நினைத்திருந்தேன். அடப்பாவி மனுஷா!

மார்ச் 20, புதன்

ட்யூஷனுக்கு இரண்டு பேர் வரவில்லை. வேறு இடத்தில் சேர்த்துவிட்டதாக ஒரு அம்மா போன் செய்தார், இன்னொருவர் அதுவும் செய்யவில்லை. வாத்தியார் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆறு பேர் வந்தார்கள்.

நடுவில் அந்த இரட்டைச் சடைக்காரி கேட்டாள். "சார், நீங்களும் கண்டக்டர் தாத்தாவும் ஜோடின்னு அம்மா சொன்னாங்க. நெஜமாவா?"

"ஆமா. நீ எட்டாவது கணக்கப் போடு."

நான் சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். என் காதால் கேட்டேன்.