கழுவிய முதுகு

ஹாலோபேங்க்,
1952 ஜனவரி, செவ்வாய் காலை.

அன்புள்ள தம்பி வில்ஃபுக்கு, அக்கா ஹெட்டி எழுதுவது.

இங்கு எல்லோரும் சௌக்கியம் என்று எழுதித்தான் பழக்கம். இன்று அப்படி எழுதக் கை வரவில்லை. உன் அத்தான் ஜேபஸுக்குக் கடுமையான காய்ச்சல். டாக்டருக்கு ஆள் போயிருக்கிறது. பாதையெல்லாம் பனி மூடிக் கிடப்பதால் இன்னும் காணோம். சும்மா உட்கார்ந்தால் பயத்தில் எனக்கே ஏதாவது ஆகிவிடும். அதனால் அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, போன கடிதத்தில் நீ கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன்.

'நெஷ்' என்ற சொல்லை நம் ஊரில் எப்படியெல்லாம் சொல்கிறார்கள் என்று கேட்டிருந்தாய். இதைக் கேட்கவா பல்கலைக்கழகத்தில் சம்பளம் கொடுக்கிறார்கள்? நல்ல உத்தியோகம்தான் போ. சரி, எழுதிக்கொள். குளிர் தாங்காதவன் நெஷ். அடுப்பை விட்டு நகராதவன் நெஷ். பிறந்த ஆட்டுக்குட்டியும் நெஷ், தோட்டத்து இளங்கீரையும் நெஷ். அவற்றைச் சொன்னால் யாரும் சிரிப்பதில்லை, ஆம்பிளையைச் சொன்னால்தான் சிரிப்பு. கரிச் சுரங்கத்துக்குள் கூரை விழப்போகிற மாதிரி முனகும்போது பின்வாங்கினவனை 'நெஷ் அடிச்சுட்டான்' என்பார்கள். அந்தப் பெயர் வாங்கினவன் அப்புறம் மதுக்கடையில் நிம்மதியாக ஒரு கிளாஸ் குடிக்க முடியாது. உனக்குத் தெரியாததா? நீ சுரங்கத்துக்குப் போக மாட்டேன் என்றபோது அப்பா உன்னைச் சொன்னதை நான் இங்கே எழுதப்போவதில்லை.

ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ஏடுகளிலேயே இந்தச் சொல் இருக்கிறது, அங்கே மென்மை, இளசு என்றுதான் அர்த்தம், மனசைக்கூட அப்படிச் சொல்லலாம், அது வசவே இல்லை என்று எழுதியிருந்தாய். தெற்கே எல்லாம் செத்துப்போய் நம் பக்கத்தில்தான் அது உயிரோடு இருக்கிறது என்றும் எழுதியிருந்தாய். சாப்பிடும்போது அத்தானுக்கு அதைப் படித்துக் காட்டினேன். ஓட்ஸ் ரொட்டியை மென்றபடியே, "அந்தக் காலத்துல எவனும் கரி வெட்டியிருக்க மாட்டான்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. பத்து நாள்கூட ஆகவில்லை.

நீ கேட்காத ஒன்றையும் சேர்த்துக்கொள். முதுகில் தண்ணீர் பட்டால் முதுகு நெஷ் ஆகிவிடும், பலமெல்லாம் போய்விடும் என்பார்கள். அப்பா எப்படிக் குளிப்பார் என்று உனக்கு நினைவிருக்கும். அடுப்புக்கு முன்னால் தகரத் தொட்டியில் எல்லா இடத்தையும் தேய்த்துக்கொள்வார், முதுகை மட்டும் தொட விட மாட்டார். ஜேபஸும் அப்படித்தான். கல்யாணமானதிலிருந்து நான் அவர் முதுகைக் கறுப்பாகத்தான் பார்த்திருக்கிறேன். சுரங்கத்து வாசலில் குளியலறை கட்டப்போகிறார்களாம். அவரோடு சேர்ந்து வெட்டுகிற ஆமோஸ் அதற்கு, "கட்டட்டும், மொத்த ஆளும் நெஷ் ஆகி வீட்ல உக்காந்து கம்பளி பின்னட்டும்" என்கிறான்.

போன வாரம் சுரங்கக் கூரையிலிருந்து ஒரு கல் விழுந்து அவர் முதுகைக் கிழித்திருக்கிறது. மனிதர் என்னிடம் அதைப் பற்றி மூச்சு விடவில்லை. வழக்கம்போல வந்தார், குளித்தார், சாப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை நாற்காலியை அடுப்போரம் இழுத்துப் போட்டுக் கோட்டையும் மாட்டிக்கொண்டார். இவரா வீட்டுக்குள் கோட்டுப் போடுகிறார் என்று அடுப்பில் இன்னும் இரண்டு கட்டி கரி போட்டேன். அந்த நேரம் பார்த்து ஆமோஸ் வந்தான். "என்னடா ஜேபஸ், வயசான காலத்துல நெஷ் ஆயிட்டியா?" என்று சிரித்தான். உடனே கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டார். ஆமோஸ் டீ குடித்துவிட்டுப் போகிறவரைக்கும் வெறும் சட்டையோடு, நடுங்காமல் இருக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவன் போனதும் டாக்டரைக் கூப்பிடலாமா என்று கேட்டேன்.

"போயி என்னன்னு சொல்லச் சொல்ற? குளிருதுன்னா? ஊரே சிரிக்கும்டி. வாய மூடிட்டு இரு."

நேற்றும் வேலைக்குப் போனார். ஆமோஸ்தான் தோளில் தாங்கிக் கூட்டிவந்தான். கேலி எதுவும் பேசவில்லை. கல் விழுந்த விஷயத்தை அவன் சொல்லித்தான் நான் தெரிந்துகொண்டேன். முதுகைக் காட்டுங்கள் என்றேன், இவர் சட்டையைக் கழற்ற விடவில்லை.

இன்று விடிந்ததும் காய்ச்சல் வேகத்தில் ஆள் தெரியாமல் என்னைப் பார்த்து அம்மா என்று கூப்பிட்டார். புரட்டிப் படுக்க வைத்தபோது நாற்றம் அடித்தது. கரி அப்பிய முதுகில் காயம் எங்கே என்று ஒன்றும் தெரியவில்லை. வெந்நீர் போட்டேன். சோப்பை எடுத்தேன், திரும்பக் கீழே வைத்தேன், வில்ஃப். காயத்துக்குப் பயந்து இல்லை. அந்த முதுகில் தண்ணீர் ஊற்றப்போகிறேனே என்றுதான். ஊற்றினேன். வலது தோளுக்குக் கீழே என் உள்ளங்கை அகலத்துக்குச் சீழ் கட்டியிருக்கிறது, அங்கிருந்து அக்குள் வரைக்கும் சிவப்புக் கோடு ஓடுகிறது. மற்ற இடமெல்லாம் குழந்தை உடம்பு மாதிரி வெள்ளை. இவ்வளவு வெள்ளையான மனிதர் என்று எனக்குத் தெரியவே தெரியாது.

அப்போது ஆமோஸ் விசாரிக்க வந்து வாசலில் நின்றான். "முதுகையா கழுவின, ஹெட்டி?" என்றான். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டான், சாவு வீட்டில் செய்வது மாதிரி. அப்புறம்தான் டாக்டரைக் கூட்டிவர ஓடினான்.

கழுவியதிலிருந்து அவர் முனகவில்லை. அசதியில் தூங்குகிறாரா, இல்லை உடம்பிலிருந்து பலம் வடிந்துகொண்டிருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கு ஏதாவது ஆனால் பெண்டாட்டி முதுகில் தண்ணீர் ஊற்றியதால்தான் செத்தான் என்று ஊர் பேசும். பேசட்டும். எனக்குள்ளேயும் ஒருத்தி அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவள் வாயை அடைக்க என்னால் முடியவில்லை.

தந்தி கொடுக்கலாம் என்றால் தபாலாபீஸ் அம்மா மூலம் மதியத்துக்குள் ஊருக்கெல்லாம் தெரிந்துவிடும். இந்தக் கடிதத்தைப் பக்கத்து வீட்டு சேரா ஸ்டேஷனுக்கே கொண்டுபோய்ப் போடுகிறேன் என்றிருக்கிறாள். கிடைத்ததும் கிளம்பி வா. பஸ் ஓடாவிட்டால் ஸ்டேஷனிலிருந்து நடந்து வா. அத்தான் உன்னைக் கேலி பண்ணியதையெல்லாம் இன்றைக்கு மறந்துவிடு. வந்து என் முகத்தைப் பார்த்து, முதுகைக் கழுவியதால் எவனும் செத்ததில்லை அக்கா என்று ஒரு தடவை சொல். உன் புத்தகங்களில் அப்படி இருக்கிறதா இல்லையா என்று நான் கேட்க மாட்டேன். நீ சொன்னால் போதும்.

கடவுள் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன் அக்கா,
ஹெட்டி