முன்வரிசைக் காபிச்செடிகள்

மார்ச் 4

விவசாயிகள் சங்கக் கட்டட வாசலில் நினைவுப் பலகை வைக்கப் போகிறார்களாம். "நம்ம ஊர்ல காபி விவசாயம் எப்படி அழிஞ்சு போச்சுன்னு நாலு வரி எழுதிக் குடுங்கம்மா. கடைசி வரைக்கும் விடாம காபி பயிர் பண்ணவங்க பேரு கட்டாயம் வரணும்," என்றார் சங்கத் தலைவர். கையெழுத்து அழகாக இருந்தால் இதுதான் வினை. தலையாட்டிவிட்டு வந்தேன்.

மார்ச் 6

ஒன்பது வீடு ஏறி இறங்கினேன். பூச்சி, விலை, மழை என்று காரணம் ஆளுக்கொன்று. ஒரு விஷயத்தில் மட்டும் ஒற்றுமை: ஒன்பது பேருமே கடைசியாகச் செடியைப் பிடுங்கியவர்கள்! "எல்லாரும் காபியை விட்டுட்டு ஓடுனப்போ நான் ஒருத்தன்தான் நின்னேன்," என்று தையல்காரர் அளவு நாடாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அப்படியானால் முதலில் பிடுங்கியது யார்?

நான்தான். வேறு யார்?

மார்ச் 7

இங்கேயாவது உண்மையை எழுதித் தொலைக்கிறேன். சாலைக்கு இந்தப் பக்கத்து நிலம் எனக்கு, அந்தப் பக்கம் அக்காவுக்கு. "காபியை மட்டும் விட்றாதீங்கடி" என்றுதான் அப்பா பிரித்துக் கொடுத்தார். பதினோரு வருடத்துக்கு முன்பு விலை பாதாளத்துக்குப் போனது. நானும் வீட்டுக்காரரும் அத்தனையையும் பிடுங்கிவிட்டு பீன்ஸ் போட்டோம். சாலையோரம் ஒரே ஒரு வரிசையை விட்டுவைத்தோம், போகிற வருகிறவர்கள் கண்ணுக்காக. அதற்கு நான் களையெடுத்த அழகென்ன, உரம் வைத்த அழகென்ன! ஊரில் மற்றவர்களும் விடத் தொடங்கிய பிறகுதான் அதையும் பிடுங்கினோம்.

அந்த வருடத்திலிருந்து அக்கா என்னை உள்ளே கூப்பிடுவதில்லை. எதுவானாலும் கேட்டிலேயே நின்று பேசி அனுப்பிவிடுகிறாள். நான் பிடுங்கியது தெரிந்துவிட்டது போல. நானும் அவளைக் கூப்பிடவில்லை — எந்த முகத்தை வைத்துக்கொண்டு? கூடப்பிறந்தவள் எதிரிலேயே இருந்தும் இல்லாத மாதிரி.

அழக் கூடாது. தாள் நனைகிறது.

மார்ச் 9

ஒரு வரியும் எழுதவில்லை. தலைவர் இரண்டு தடவை போன் செய்தார். குளிக்கிறேன் என்று வீட்டுக்காரரைச் சொல்லச் சொன்னேன். இரண்டு தடவையும்.

மார்ச் 12

சங்கக் கூட்டத்தில் எழுந்து சொல்லியே விட்டேன். "முதல்ல பிடுங்குனது நான்தான். முன்வரிசையை மட்டும் விட்டுட்டு ஊரையே ஏமாத்துனேன்."

திட்டு விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"நீங்களுமா முன்வரிசை விட்டீங்க?" என்றார் தையல்காரர்.

தலைவர் இருமினார். "நான் ரெண்டு வரிசை விட்டேன்." அதிலும் ஒரு பெருமை!

குட்டு ஒவ்வொன்றாக உடைந்தது. அப்போது ஊர் முழுக்க சாலையோரம் ஒரு வரிசை காபி, பின்னால் காபியைத் தவிர எல்லாமே. ஒருவர் கோழிப்பண்ணையே வைத்திருந்தாராம். சத்தம் வந்தால், காபித் தோட்டத்துப் பறவைகள் என்பாராம். நாங்களும் நம்பினோமே! அடுத்தவர் செடியைப் பார்த்துப் பார்த்து எல்லோரும் கூனிக் குறுகியிருக்கிறோம்.

உடனே போட்டி தலைகீழாகிவிட்டது, யார் முதலில் பிடுங்கியது என்று. "உங்களுக்கு ஒரு மாசம் முன்னாடியே பிடுங்கிட்டேன் நான்!" "போய்யா, நான் அதுக்கும் முன்னாடி!"

அக்கா கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். கூட்டம் கலைந்த பிறகு வந்து கையைப் பிடித்தாள். "நான் பிடுங்குன அன்னைக்கே உன்கிட்ட சொல்லலாம்னு ரோட்டைத் தாண்டி வந்தேன்டி. உன் செடி பச்சைப்பசேல்னு நின்னுச்சு. வெக்கமாப் போச்சு, திரும்பிட்டேன்."

பாவி. பத்தடி உள்ளே வந்திருக்கக் கூடாதா?

மார்ச் 13

பலகையில் யார் பெயரும் வேண்டாமென்று முடிவாகிவிட்டது. காலையிலேயே அக்கா வந்தாள், கேட்டில் நிற்காமல் நேரே உள்ளே. பீன்ஸ் கொடியைப் பார்த்ததும், "இப்படியாடி கம்பு நடுவாங்க? எந்த வேலைதான் ஒழுங்காத் தெரியும் உனக்கு?" என்று ஆரம்பித்தாள். அரை மணி நேரம். பதினோரு வருடத்துத் திட்டையும் மொத்தமாகக் கொட்டினாள். நடுவில் ஒருமுறை மூச்சு வாங்க நிறுத்தினாள். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.