நீல பஸ்ஸும் வெறும் பெட்டியும்

யூன் 5, 2024
பிரேக் கேபிள் கேட்டவருக்குச் செயினை எடுத்து நீட்டியிருக்கிறேன். கற்பிட்டியில் இத்தனை வருடம் மோட்டார் சைக்கிள் சாமான் கடை நடத்தி, இன்றுதான் இப்படி. கண் போனிலேயே கிடந்தது. பழைய விளையாட்டுச் சாமான் சேர்ப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம்: நீல பஸ் அச்சடித்த அட்டைப்பெட்டி. உள்ளே ஒன்றும் இல்லை. வெறும் பெட்டி!

அந்த பஸ் என்னிடம் இருக்கிறது. ஜப்பான் தகர பஸ், சாவி முறுக்கினால் இன்றும் ஓடும். வண்ணாத்திவில்லுவில் பழைய இரும்புக் குவியலுக்குள் கிடைத்தது. பஸ் கிடைப்பதே அரிது; பெட்டியோடு ஒன்றைப் பார்த்ததாகக் குழுவில் எவரும் சொன்னதில்லை. படம் போட்டவர் ஆலங்குடாவில் உல்லாசப் பயணிகளுக்கு ஜீப் ஓட்டும் நிக்கொலஸ். இவ்வளவு பக்கத்திலா இருந்தது?

யூன் 9
போனேன். என்னைவிட இளையவர், மரியாதையான ஆள். பெட்டியைத் தொடவும் விட்டார். தர முடியுமா என்று கேட்டேன்.
"பெட்டி கிடைச்ச நாளில இருந்து நான் பஸ்ஸத் தேடுறன். நீங்க பஸ்ஸத் தாங்களன், பாறூக் நானா."
நான் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை.

யூன் 17
ஹஜ்ஜுப் பெருநாள். வீடு நிறைய ஆட்கள். யாரோ பேசுகிறார்கள், நான் தலையாட்டுகிறேன். பெட்டியின் மூலை கிழிந்திருந்ததா, மடிந்திருந்ததா? ஏன் சரியாகப் பார்க்காமல் வந்தேன்?

யூன் 20
கொழும்பில் ஒருவர் பெட்டியைக் கேட்கிறாராம். அங்கே போனால் முடிந்தது. நிக்கொலஸுக்குத் திரும்பத் திரும்ப அழைத்தேன், எடுக்கவில்லை. குடுத்திட்டாரோ? எனக்கென்ன விசரா? ஒரு அட்டைப்பெட்டிக்கு—

யூன் 22
நிக்கொலஸின் மனைவி யூஜினி அழைத்தார். ஒரு வெள்ளைக்காரரின் கடல் சறுக்குப் பலகையை ஜீப் கூரையில் கட்டும்போது நிக்கொலஸ் வழுக்கி விழுந்து கால் முறிந்துவிட்டதாம். "யா அல்லாஹ்" என்றேன். அடுத்ததாக நாக்கு நுனிக்கு வந்தது: பெட்டி இருக்கிறதா? நல்லகாலம், கேட்கவில்லை.

யூன் 23
கிளம்பும்போது என் மனைவி அஸ்கா பைக்குள் எட்டிப் பார்த்தாள். உள்ளே பஸ்.
"மனிசனப் பாக்கவா போறீங்க, பெட்டியப் பாக்கவா?"
"ரெண்டையும்."

நிக்கொலஸ் பிளாஸ்டர் போட்ட காலைக் கதிரையில் நீட்டியிருந்தார். கொழும்புக்காரருக்கு மறுத்துவிட்டாராம்.
"ஏன்?"
"அந்தாளிட்ட பஸ் இல்லையே, நானா." என் பையைப் பார்த்தார். "கொண்டந்தீங்களா?"
"ஓம்."

யூஜினி அலுமாரியிலிருந்து பெட்டியை எடுத்துத் தந்தார். பஸ்ஸை மெல்ல உள்ளே விட்டேன். முன் சில்லு இடித்தது. நிக்கொலஸ் விரலால் அட்டையை விலக்கிப் பிடித்தார். மூடி அப்படியே பொருந்தியது.

வரும்போது பஸ்ஸை எடுத்து வந்திருக்கலாம். இரண்டையும் பிரிக்க மனம் வரவில்லை. வெறும் பையோடு வீட்டுக்கு வந்தேன். "கிடைச்சதா?" என்றாள் அஸ்கா. தெரியவில்லை என்றேன்.

ஓகஸ்ட் 24
மாதத்துக்கு ஒருவர் வைத்திருப்பதாக ஏற்பாடு; இந்த மாதம் என் முறை. பஸ் பெட்டியோடு என் அலுமாரியில் இருக்கிறது. போன மாதம் அங்கே.

காலையில் நிக்கொலஸ் அழைத்தான். சிலாபத்தில் ஒரு வீட்டில் தகரக் கப்பல் இருக்கிறதாம். குழுவில் மூச்சுவிட வேண்டாம் என்றான். கால் இன்னும் நொண்டுகிறது, ஜீப் ஓட்ட முடியாது. நாளை விடிய என் வானில் போகிறோம். அதற்குள் வேறு யாராவது மோப்பம் பிடித்துவிட்டால்? இன்றைக்கே போகலாமா என்று கேட்டு அனுப்பினேன்.

அவன் வெளிக்கிட்டு நிற்கிறானாம்.