புள்ளியும் உடைந்த கோடும்

மார்ச் 3
ஆம்புலன்ஸைக் கொண்டுபோய்ப் படிக்கட்டு முன்னால் நிறுத்தினேன். போன் மேப்பில் வழி காட்டும் நீலக்கோடு முடிந்து, அப்புறம் புள்ளி புள்ளியாக நோயாளி வீடுவரை போனது. சின்னச் சந்து என்று நினைத்துவிட்டேன். இறங்கி நடக்க வேண்டிய வழியாம். கால் உடைந்த பெரியவரை அத்தனை படியும் தூக்கி இறக்கினோம். வண்டியில் கூட வரும் நர்ஸ் தம்பி கடைசியில் தன் தண்ணீர் பாட்டிலை என்னிடம் நீட்டினான். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

மார்ச் 4
சூப்பர்வைசர் மேடம்: "மறுபடி இப்படி ஆச்சுன்னா உங்களைப் போன் எடுக்கிற சீட்ல உக்கார வெச்சிடுவேன்." இந்த மாதக் கடைசியில்தான் வேலை நிரந்தரமா இல்லையா என்று தெரியும். எனக்கு வண்டிதான் வேண்டும். வேறெதுவும் வேண்டாம்.

மார்ச் 8, லீவு
நாத்தனாரை இழுத்துக்கொண்டு ஊர் முழுக்க நடந்தேன். மேப்பில் ஒரு குறி, நேரில் அது என்ன — ஒவ்வொன்றாகப் பார்த்தோம். தெருவுக்குள் குட்டி அம்பு, ஒருவழி. புள்ளி, நடக்க மட்டும். தண்டவாளத்துக்கிட்டே ஒரு சாலை மட்டும் மங்கலாக, ஓரக்கோடு விட்டுவிட்டு. போய்ப் பார்த்தால் சுரங்கப்பாதை. லாரி ஒன்று ஜம்மென்று உள்ளே போனது.
"புடவைக் கரை பாக்கிற மாதிரி பாக்கிறீங்க அண்ணி" என்றாள். திரும்பும் வழியெல்லாம் அவளிடம் வாங்கிக்கட்டிக்கொண்டேன்.

மார்ச் 9
கால் வீங்கிவிட்டது.

மார்ச் 17
பிரசவ கேஸ். பின்னாலிருந்து நர்ஸ் தம்பி, "குழந்தைத் துடிப்பு குறையுது அக்கா, சீக்கிரம்." பாலம் மேப்பில் அடர் சிவப்பு. அங்கே போனால் வண்டி நகராது. நீலக்கோடு இடப்பக்கம் திரும்பி ஒரு மங்கலான சாலையில் நுழைந்தது. தம்பி எட்டிப் பார்த்தான்.
"கோடு விட்டுவிட்டு இருக்கு அக்கா. அன்னிக்கு மாதிரி படிக்கட்டுதான். பாலத்துலயே போங்க."
"அன்னிக்குப் புள்ளி, தம்பி. இது பூமிக்குக் கீழ போற ரோடு."
"தப்பாப் போச்சுன்னா?"
நான் நடந்து பார்த்த சுரங்கப்பாதை இது இல்லையே. ஆனால் குறி அதே குறி. ஸ்டியரிங்கை ஒடித்தேன். இந்தப் பக்கம் இறங்கி அந்தப் பக்கம் ஏறினோம், எதிரே ஆஸ்பத்திரி.
பெண் குழந்தை. கத்தின கத்தல் வாசல்வரை கேட்டது. ஜெயிச்சுட்டேன். வெட்கமில்லாமல் எழுதுகிறேன், ஜெயிச்சுட்டேன்.

மார்ச் 31
மேடம் கூப்பிட்டார். "போன் சீட்டுக்கு வேற ஆள் போட்டாச்சு. நீங்க அந்தப் பக்கமே வராதீங்க." சிரிக்காமல் நிரந்தர ஆணையை நீட்டினார். முதல் வரி படிப்பதற்குள் அழைப்பு வந்துவிட்டது. காகிதத்தை மேடம் கையிலேயே திணித்துவிட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினேன்.