சிவப்புப் புள்ளி வைத்த வரிசை

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான் சுகம், முப்பத்திரண்டு பெட்டித் தேனீக்களும் சுகம், உன் அப்பாவும் சுகமாக இருப்பதாக அவரே சொல்லிக்கொள்கிறார். நீ அங்கே உடம்பும் மனசும் தெம்பாக இருக்கிறாயா? போன வாரம் அனுப்பிய போட்டோவில் கன்னம் ஒட்டிப்போயிருக்கிறது, கேட்டால் கேமரா கோணம் என்பாய். சமாளிப்பதில் நீ அப்படியே அப்பா.

இந்தப் பருவம் ராணி வளர்ப்பு பெரிய கூத்தாகிவிட்டது. ஒரு நாள் வயதுப் புழுவைத் தூரிகை முனையால் எடுத்து மெழுகுக் கிண்ணத்தில் வைத்து ராணியில்லாத பெட்டிக்குள் இறக்கினால் மூன்றாம் நாள் கிண்ணம் நிறைய ராணிப் புழுவுக்குத் தேனீக்கள் ஊட்டும் ராயல் ஜெல்லி இருக்கும், இது நான் சொல்லியா உனக்குத் தெரிய வேண்டும். இரண்டு மாதமாக முப்பது கிண்ணத்தில் நாலு தேறினால் அதிகம். முதலில் தேனீக்களுக்குச் சோம்பல் என்றார் அப்பா. பிறகு பெட்டியில் இளம் தேனீ போதவில்லை என்று இன்னொரு பெட்டியிலிருந்து இரண்டு அடைச் சட்டம் கொண்டுவந்து சேர்த்தார். மகரந்தம் குறைச்சல் என்று மாவு பிசைந்து வைத்தார், சர்க்கரைப் பாகு ஊற்றினார், வெயில் என்று சாக்கை நனைத்துப் போட்டார். பக்கத்து வீட்டு டிரைவர் அடிக்கும் ஹாரன் மேல்கூடப் பழி விழுந்தது. கடைசியில் நீ போனில் சொன்ன யோசனைதான் எல்லாவற்றையும் கெடுத்தது என்று உன் தலையும் உருண்டது. நீ அனுப்பிய பூதக்கண்ணாடி விளக்கோ பிரிக்காமல் அலமாரியில் கிடக்கிறது, அது வயசானவர்களுக்காம்.

ஒருநாள் காலை, "இந்தச் சட்டத்துல எல்லாம் காலியா கெடக்கு" என்று ஒன்றைத் தள்ளி வைத்தார். நான் எடுத்துப் பார்த்தால் அறைக்கு அறை நூல் துண்டு மாதிரி இளம் புழு சுருண்டு கிடக்கிறது. அப்போதுதான் விளங்கியது. மனுஷன் தன் கண்ணுக்குத் தெரிகிற மூன்று நாள் தடிப் புழுவாகப் பார்த்துப் பொறுக்கி வைத்திருக்கிறார், அந்த வயதுக்கு மேல் நல்ல ராணியாகாது என்று தேனீக்கள் இழுத்து வெளியே போட்டிருக்கின்றன.

நேரே சொன்னால் ஒப்புக்கொள்கிற ஆளா? அடுத்த முறை மேல் வரிசையை முடித்துவிட்டு அவர் டீ குடிக்கப் போன நேரத்தில் கீழ் வரிசை பதினைந்திலும் நானே புழு வைத்து, ஓரத்தில் நகப்பூச்சால் ஒரு சிவப்புப் புள்ளி வைத்தேன். மூன்றாம் நாள் திறந்தோம். மேலே இரண்டு, கீழே பதின்மூன்று. எனக்குப் பெருமை தாங்கவில்லை, புள்ளியைக் காட்டிவிட்டேன். அவர் அந்த ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார். அப்புறம், "பாவம், அதுகளப் போயி இத்தன நாளா திட்டிட்டேனே" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மறுநாளே கண் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். இரண்டு கண்ணிலும் புரை முற்றியிருக்கிறதாம், இனியும் தள்ளிப்போடக் கூடாது என்று பதினாலாம் தேதி முதல் கண் ஆபரேஷனுக்கு நாள் கொடுத்தார். இவரோ புது ராணிகள் முட்டை வைக்கட்டும், அப்புறம் பார்க்கலாம் என்கிறார். எல்லாம் பயம். ஆயிரம் கொட்டு வாங்கியவருக்குக் கண்ணில் சொட்டு மருந்து விடுவதற்குள் நாற்காலியைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. நீ சொன்னால் கேட்பார். உண்மையைச் சொன்னால் எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது, நீ பக்கத்தில் இருந்தால் தேவலை.

எதிரில் உட்கார்ந்துகொண்டு என்ன எழுதுகிறாய் என்று கேட்கிறார், தேனீ விஷயம் என்று சொல்லியிருக்கிறேன். கீழே ஒரு வரி சேர்த்து அவரிடம் கையெழுத்து வாங்கப் போகிறேன். இந்தக் கண்ணோடு அவரால்தான் படிக்க முடியாதே, போட்டுவிடுவார். அப்புறம் எப்படிப் பேச்சு மாறுகிறார் பார்க்கிறேன். நீ நின்றுகொண்டே சாப்பிடுவதை நிறுத்து. வியாழக்கிழமை போன் பண்ண மறக்காதே. நோய்நொடி இல்லாமல் நிறைவாக இரு, கண்ணு.

உன் அம்மா

பதினாலாம் தேதி ஆபரேஷனுக்கு முழு மனதோடு சம்மதிக்கிறேன்.

பின்குறிப்பு: நான் நினைத்த மாதிரி நடக்கவில்லை. காகிதத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போனவர் அரை மணி நேரம் கழித்துத்தான் வந்தார். போய்ப் பார்த்தால் மேஜை மேல் உன் பூதக்கண்ணாடி விளக்கு எரிகிறது. என்னிடம், "நகப்பூச்சு எப்ப வாங்குன?" என்று மட்டும் கேட்டார். கையெழுத்துப் போட்டிருக்கிறார். அதற்குக் கீழே கோணல்மாணலாக இருப்பதும் அவர் எழுதியதுதான்.

பதிமூணாம் தேதியே வந்துடும்மா. அப்பா.